பெரியப்பாவின் புதன்கிழமை

எங்கள் பக்கம் களைக்கொல்லிக்கும் மருந்து என்றுதான் பெயர். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் "என்ன மருந்து?" என்று கேட்டதும், பெரியப்பா தினமும் போடுகிற சுகர் மாத்திரையின் பெயரைச் சொன்னான் அண்ணன். டாக்டர் கேட்டது அதையல்ல.

அமராவதி நகரில் பெரியப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. களை வெட்ட ஆள் கிடையாது. எல்லோரும் மில்லுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். 2022 அக்டோபரில் கிளைபோசேட்டுக்கு ஒன்றிய அரசு கட்டுப்பாடு போட்ட பிறகு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது குளுஃபோசினேட். அடித்தது போக மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி மோட்டார் ரூமில் வைத்திருந்தார் பெரியப்பா. ஒரு புதன்கிழமை மத்தியானம் அதைக் குடித்திருந்தார்.

அன்றைக்குச் சாயந்திரம் வரை நன்றாகத்தான் பேசினார். ரெண்டு தடவை வாந்தி, அவ்வளவுதான். "ஒண்ணுமில்லடா, ஊட்டுக்குப் போலாம்" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். மறுநாள் விடியற்காலை வலிப்பு வந்தது, மூச்சு நின்றது, வென்டிலேட்டர் வைத்தார்கள். இந்த விஷத்தின் குணமே அந்தத் தாமதம்தான். ஆள் தெளிவாகப் பேசுகிறாரே என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக் கூடாது. தனியாக மாற்று மருந்தும் கிடையாது. மூச்சைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

குளுட்டமேட் என்பது மூளை செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரசாயனம். அஜினோமோட்டோவில் உப்பாக வருவதும் அதுதான் (அதற்காக ஃபிரைடு ரைஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்). குளுஃபோசினேட் அதன் சாயலில் இருக்கும் ஒரு போலி. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிடமிருந்து 1970களில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியாகக் கண்டெடுத்தார்கள். அமோனியாவைக் கட்டிப்போடும் ஒரு நொதியை அது முடக்கும். செடி அமோனியா சேர்ந்து கருகும். அதே நொதி நம் உடம்பிலும் இருக்கிறது.

நினைவு போவதைப் பற்றி ஜப்பான், கொரிய மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பிழைத்து எழுந்தவர்களில் சிலருக்கு விஷம் உள்ளே போன நேரமும் அதற்குக் கொஞ்சம் முந்தையதும் அழிந்திருந்தன. புதிதாக நடப்பதும் பதியவில்லை. சிலருடைய எம்.ஆர்.ஐ.யில் ஹிப்போகாம்பஸில் மாற்றம் தெரிந்தது. புதிய நினைவுகள் பதிய அந்த இடம் வேண்டும். பழையவை பெரும்பாலும் தப்பிவிடும்.

பெரியப்பாவுக்கும் அப்படித்தான். சைனிக் பள்ளி திறந்த 1962இல் தான் ஒன்றாவது சேர்ந்ததை, வாத்தியார் பெயரோடு சொன்னார். ஆனால் தினமும் காலையில் "செவலை கன்னு போட்டுருச்சா?" என்று கேட்டார். அவர் ஐ.சி.யு.வில் இருந்தபோதே போட்டுவிட்டது. கிடாரிக் கன்று என்று சொன்னதும் முகம் மலரும். மறுநாள் மறுபடி கேட்பார். "கஜினி சூர்யா மாதிரிடா" என்று ஒரு மாமா சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கன்றுக்குட்டி கேள்வி எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாதது இன்னொன்று. வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர் கேட்டார்: "தெரியாம குடிச்சீங்களா, தெரிஞ்சு குடிச்சீங்களா?"

பெரியப்பா எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பதிலை நாங்கள்தான் வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். "தாகத்துல எடுத்துட்டாருங்க" என்றாள் பெரியம்மா, உடனே. போர் போட்ட கடன் ஒன்று இருந்தது, தண்ணீரும் வரவில்லை. அதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

என் தொழிலில் எது உடைந்தாலும் முதலில் லாக் பார்ப்போம். இங்கே லாக் எழுத வேண்டிய இடமே போய்விட்டது. வேண்டுமென்றே குடித்தவர்களிடம் மருத்துவர் காரணம் கேட்பார், குடும்பம் கேட்கும், அதிலிருந்துதான் அடுத்த தடவை நடக்காமல் பார்த்துக்கொள்ள வழி பிறக்கும். எங்களுக்கு அந்த வழி இல்லை. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நான் சொன்னபோது, "எதுக்கு? தவறுதலாத்தானே குடிச்சாரு" என்றார்கள். கூட்டிப்போனோம், மறதிக்கு என்று சொல்லி.

ஒரு ராத்திரி திண்ணையில் அண்ணன் கேட்டான்: "நீ படிச்சயே, ஞாபகம் வந்துருமா?"

சிலருக்குச் சில வாரங்களில் தேறுகிறது, சிலருக்கு நீடிக்கிறது என்றேன்.

"அந்த ஒரு நாள் மட்டும் வராம போறதுக்கும் சான்ஸ் இருக்குதுல்ல?"

ஆமாம் என்றேன்.

ரெண்டு மாதத்தில் கன்றுக்குட்டி பதிந்துவிட்டது. லட்சுமி என்று பேர் வைத்து அவரே கூப்பிடுகிறார். மோட்டார் ரூமுக்கு அண்ணன் பூட்டுப் போட்டிருக்கிறான். புதன்கிழமை மட்டும் வரவில்லை. யாராவது கேட்டால், "அன்னிக்குக் கரண்ட் இல்லீங்க, தூங்கிட்டிருந்தேன்" என்கிறார். பக்கத்தில் இருக்கும் பெரியம்மா, "ஆமாங்க, அன்னிக்குக் கரண்ட் இல்ல" என்கிறாள்.