ரைன் நதிக்கரையில் கேட்ட இயந்திர இசை

ஜேர்மனியின் டுசல்டோர்வ் நகரம் ரைன் நதிக்கரையில் அமைந்துள்ளது. யூலை மாதத்தில் அங்கு இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்த பெண்கள் பிள்ளைகளோடு வந்து கரையோரப் படிகளில் இருப்பார்கள். சமூகசேவைப் பயிற்சி ஒன்றுக்காக நான் அங்கு சென்றிருந்தபோது, ஜேர்மன் தோழி ஒருவர் அந்தப் படிகளில் வைத்து, "கோடைக்கு ஏற்ற பாட்டு" என்று தனது கைத்தொலைபேசியில் ஒன்றைப் போட்டார்.

மூச்சு வாங்கும் ஓசை, சைக்கிள் சங்கிலி சுற்றும் ஓசை, அவற்றின் மேல் மின்னணுக் கருவியில் சிறியதொரு மெட்டு. பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி 1983 இல் வெளிவந்த 'டூர் டி பிரான்ஸ்' என்ற பாடல் அது. பாடியவர்கள் கிராவ்ட்வேர்க் குழுவினர். 2017 இல் அந்தப் பந்தயம் இதே நகரத்தில் தொடங்கியபோது அவர்கள் இங்கு இசை நிகழ்ச்சியும் நடத்தினார்கள்.

கிராவ்ட்வேர்க் என்றால் மின் உற்பத்தி நிலையம் என்று பொருள். ரால்ஃப் ஹூட்டரும் புளோரியான் ஷ்னைடரும் 1970 இல் இக்குழுவைத் தொடங்கினர். மத்திய புகையிரத நிலையத்துக்கு அருகே, மின்ட்ரொப் வீதியில் அவர்களது ஒலிப்பதிவுக்கூடம் பல வருடங்கள் இயங்கியது. மறுநாள் தேடிப் போய்ப் பார்த்தேன். இசை பிறந்த இடமென்று யாரும் எண்ணாத சாதாரணக் கட்டடம்.

இரண்டாம் உலக யுத்தத்தின் குண்டுவீச்சுகளில் இந்நகரம் பெருமளவு இடிந்துபோனது. பல ஜேர்மன் நகரங்களில் பெண்களும் தம் கைகளாலேயே கல்லும் மண்ணும் அகற்றினார்கள். ஹூட்டர் 1946 இலும் ஷ்னைடர் 1947 இலும் பிறந்தவர்கள். யுத்தம் விட்டுச்சென்ற நாட்டில் வளர்ந்தவர்கள். தமக்கென ஒரு புதிய இசையை அவர்கள் அன்றாட ஓசைகளில் தேடினார்கள். 1974 இல் வந்த 'ஆட்டோபான்' கார்க் கதவு மூடும் ஓசையுடன் தொடங்கி, 22 நிமிடங்களுக்கு மேல் நெடுஞ்சாலையில் நம்மை அழைத்துச் செல்கிறது. 1977 இல் வந்த 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' புகையிரதத்தின் தாளத்தில் ஓடுகிறது. அதன் மெட்டை நியூயோர்க்கின் கறுப்பின இளைஞர்கள் 1982 இல் எடுத்துத் தமது நடனப் பாட்டாக்கினார்கள்.

சகோதரிகளே, இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? எமது பெண்கள் குழுவில் ஒரு தங்கை, பழைய பாட்டு வந்தால் உடனே வானொலியை நிறுத்திவிடுவாள். அவை அவளது கணவர் பாடிய பாட்டுகள். வேறு சிலரோ, "புருஷனை இழந்தவள் பாட்டுக் கேட்டால் சனம் என்ன சொல்லும்?" என்று அஞ்சுகிறார்கள். ஊர் திரும்பியதும் அந்தச் சைக்கிள் பாட்டை அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தத் தங்கை, "நான் பிள்ளையை ஏத்திக்கொண்டு வேலைக்குச் சைக்கிள் மிதிக்கேக்க இப்படித்தான் மூச்சு வாங்கும் அக்கா. இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள்.

அந்தப் பாட்டில் அவளுக்குப் பழைய நினைவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அதனாலேயே அவளால் அதை இறுதிவரை கேட்க முடிந்தது. இழந்தவரை மறந்தால்தான் இசை கேட்கலாம் என்றில்லை. பழைய பாட்டு நோகுமானால் அதைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். முன்பின் அறியாத ஓர் ஓசைக்குச் செவி கொடுத்துப் பாருங்கள். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.