பெருகும் கோடிகள், குறையும் பிள்ளைகள்

நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி எது என்று கேட்டால் யோசிக்காமல் வரும் பதில், மும்பை. அதன் பள்ளிகளில் யார் படிக்கிறார்கள் என்று கேட்டாலும் பதில் அதே வேகத்தில் வரும்: வேறு வழி இல்லாதவர்களின் பிள்ளைகள்.

2021-22இல் மாநகராட்சியின் கல்வி பட்ஜெட் சுமார் 2,945 கோடி ரூபாய். 2025-26இல் 3,955 கோடி. நான்கே ஆண்டுகளில் ஆயிரம் கோடி ஏற்றம். பிள்ளைகளின் கணக்கு வேறு திசையில் போயிருக்கிறது. 2010களின் தொடக்கத்தில் 4 லட்சத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 3 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. கொரோனா காலத்தில் வருமானம் போய், தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் திரும்பி வந்தன. எண்ணிக்கை சற்று ஏறியது. அதைச் சாதனை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பிள்ளைகள் குறைந்தால் செலவும் குறைய வேண்டாமா? நாற்பது பேர் இருந்த வகுப்பில் இருபது பேர் ஆனாலும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். அவருக்குச் சம்பளம், பிறகு ஓய்வூதியம். பட்ஜெட்டின் பெரும்பங்கு இதற்கே போகிறது. மிச்சத்தில் சீருடை, புத்தகப் பை, காலணி, குடை என்று 27 இலவசப் பொருட்கள். டெண்டர் இழுபறியில் இவை மாதக்கணக்கில் தாமதமான ஆண்டுகளும் உண்டு. (மும்பை மழை டெண்டருக்காகக் காத்திருப்பதில்லை.) கேள்வி கேட்க ஆளும் இருக்கவில்லை. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு பல ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை. அந்த பட்ஜெட்டுகளை எல்லாம் அதிகாரிகளே போட்டார்கள், அதிகாரிகளே நிறைவேற்றினார்கள்.

படிப்பு எப்படி? மாநகராட்சிப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2018இல் சுமார் 74 சதவிகிதம். 2019இல் 53. அடுத்த ஆண்டே 93! ஒரே ஆண்டில் ஆசிரியர்கள் அத்தனை பேரும் மந்திரவாதிகள் ஆகிவிடவில்லை. மொழிப் பாடங்களில் பள்ளியே போடும் 20 மதிப்பெண்ணை மாநிலத் தேர்வு வாரியம் 2019இல் எடுத்துவிட்டது; 2020இல் திரும்பக் கொடுத்தது. ஏற்றத்துக்கு மாநகராட்சியின் முயற்சிகளும் ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனால் 20 மதிப்பெண்ணில் இப்படி ஊசலாடும் தேர்ச்சி, பிள்ளைக்கு எழுதப் படிக்க வருகிறதா என்பதைச் சொல்லாது.

பெற்றோர் இந்த சதவிகிதங்களைப் பார்ப்பதில்லை. ஆங்கிலம் வருமா என்று பார்க்கிறார்கள். 2020-21இல் ஜோகேஸ்வரியில் சிபிஎஸ்இ பள்ளியும் மாட்டுங்காவில் ஐசிஎஸ்இ பள்ளியும் மாநகராட்சியே தொடங்கியது. அடுத்த ஆண்டு மேலும் சில சிபிஎஸ்இ பள்ளிகள். இருந்த இடங்களைவிட விண்ணப்பங்கள் பெருகி, குலுக்கல் நடத்த வேண்டியதாயிற்று. நடத்துவது அதே மாநகராட்சி, அதே இலவசக் கல்வி. மாநகராட்சிப் பள்ளி என்றாலே மக்களுக்கு இளக்காரம் என்று அதுவரை சொல்லிவந்த அதிகாரிகளுக்கு இது நல்ல பதில்.

அந்தப் பதிலில் அடிபடுவது தாய்மொழிப் பள்ளி. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்து தாராவியில் குடியேறியவர்களின் பிள்ளைகள் அப்படித்தான் தமிழ் எழுதக் கற்றார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளைத் தமிழ்வழியில் சேர்க்கச் சொன்னால் தாய்மார் தயங்குகிறார்கள். தப்பில்லை. தொடக்கப் பள்ளியைத் தாண்டினால் தமிழ்வழியில் தொடர நகரில் இடம் மிகக் குறைவு. வெளியே கடைக்கு மராத்தியும் இந்தியும் வேண்டும், வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். தாய்மொழிக் கல்வி பற்றி மேடையில் முழங்குகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதும் அந்தத் தாய்மாருக்குத் தெரியும்.

தமிழா, ஆங்கிலமா என்று அவர்களை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்ததுதான் கோளாறு. தமிழ்வழிப் பள்ளியிலேயே ஆங்கிலத்தைப் பேசவும் எழுதவும் உருப்படியாகச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் இருந்தால் பாதிப் பேர் போயிருக்க மாட்டார்கள். 3,955 கோடியில் அதற்கு ஆகும் சம்பளம் ஒன்றும் பெரிய தொகை அல்ல.