உடுத்தலும் புனைதலும்

அரபு மொழியில் ஆடைக்கு 'லிபாஸ்' என்று பெயர். அதே மூன்று வேரெழுத்துகளிலிருந்துதான் குழப்பத்தைக் குறிக்கும் 'இல்திபாஸ்' என்னும் சொல்லும் பிறக்கிறது. தமிழிலும் 'புனைதல்' என்பது அணிவதற்கும் ஆகும். இல்லாததை இட்டுக் கட்டுவதற்கும் ஆகும். ஆடை மெய்யையும் காட்டும், மயக்கவும் செய்யும் என்பதை இரு மொழியாரும் உணர்ந்திருக்கின்றனர்.

கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர்களில் விடிய விடியக் கூத்து நடப்பதுண்டு. அரச வேடத்தின் கிரீடமும் புயக்கட்டையும் பார்வைக்குக் கனமானவை. கையில் எடுத்தாலோ இலேசானவை. மென்மரத்தைச் செதுக்கி, வண்ணந் தீட்டி, கண்ணாடிச் சில்லுகள் பதித்திருப்பார்கள். ஆடுபவன் இரவெல்லாம் சுழல வேண்டும். சிறு விளக்கொளியிலும் அரசனாகத் தோன்ற வேண்டும். இரண்டையும் எண்ணிச் செய்தவன் பெயரை எவரும் கேட்பதில்லை.

கள்ளக்குறிச்சியில் தையற்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம், "ஹஜ்ரத், என் மகள் நாடக உடையமைப்புப் படிக்க விரும்புகிறாள். கூத்தாடிகளுக்குத் துணி தைக்கவா படிப்பு என்று சொந்தக்காரர்கள் ஏசுகிறார்கள். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

நான் ரோஷன் அல்காஜி அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். அவருடைய கணவர் இப்ராஹீம் அல்காஜி, புனேயில் குடியேறிய அரபு வணிகர் ஒருவரின் மகன். 1962 முதல் 1977 வரை தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநர். கிரீஷ் கர்னாட் 1964-இல் எழுதிய 'துக்ளக்' நாடகத்தைப் புராணா கிலாவின் பழஞ்சுவர்களுக்கிடையே நடத்திக் காட்டியவர். கணவரின் நாடகங்களுக்கு உடையமைத்த ரோஷன், கற்பனையை மட்டும் நம்பவில்லை. பழஞ்சிற்பங்களையும் ஓவியங்களையும் ஆராய்ந்து, பண்டை இந்திய உடைகளைப் பற்றி 1983-இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் கையில் தையல், வரலாற்றுக் கல்வியாயிற்று.

நம் மேடைகளில் முஸ்லிம் பாத்திரம் என்றால் ஒரு கைலி, ஒரு தொப்பி, ஒட்டுத்தாடி, முடிந்தது வேடம்! காயல்பட்டினத்து வணிகரும் ஆம்பூர்த் தோல் தொழிலாளியும் கள்ளக்குறிச்சி ஆசிரியரும் ஒரே உடையில் வந்து நிற்பார்கள். காண்பவர் மனத்தில் ஒரு சமுதாயமே திரிந்து பதிகிறது. இதைப் பார்த்து மனம் நோகும் நாம், திருத்தக்கூடிய கல்வியை மட்டும் இழிவென்று ஒதுக்கலாமா?

"கண்ணியம் காத்துப் படிக்கட்டும். அளவெடுப்பதை உங்களிடம் கற்றாள், ஒரு காலத்தை, ஓர் ஊரை, ஒரு மனிதனின் நிலையை அளவெடுக்க அங்கே கற்கட்டும்" என்றேன். பொய்த்தோற்றத்தை ஒழிக்க மெய்யான உடையைத் தைக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.