முப்பதாவது வளையம்

நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. பெரிய பிள்ளைகள் நோன்பு பிடிப்பார்கள். சின்னஞ் சிறிசுகள் "எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று உம்மாவைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும்.

எழுதி முடித்த கொப்பியொன்று போதும். 2022 மார்ச்சில் அச்சிடத் தாளில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டதைக் கண்ட எமக்கு, பழந்தாளும் பெறுமதியானதுதான்.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். குர்ஆன் வசனமோ அல்லாஹ்வின் பெயரோ இருந்தால் அந்தத் தாளைக் கண்ணியமாக ஒதுக்கிவிட வேண்டும். வெட்டுவதற்கு முன் வாசிக்கும் பழக்கம் பிள்ளைக்கு இப்படித்தான் வருகிறது. மற்றத் தாள்களை இரண்டு விரல் அகலத்தில் கீற்றுகளாக வெட்டிக்கொள்ளலாம். பசைக்குக் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் சரி.

நோன்பு திறந்த பிறகு, நாளுக்கு ஒரு கீற்றை முன்னைய வளையத்தினுள் கோத்து ஒட்டவேண்டும். மாலை நீள நீள மாதம் நகர்வது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்.

இருபத்தொன்பதாவது வளையத்தை ஒட்டியதும் மீதிப் பசையை வைத்துக்கொண்டு பிள்ளையும் பெரியவர்களோடு வானொலிக்குக் காது கொடுக்கும். பிறை தென்பட்டால் நாளை பெருநாள்; இல்லாவிட்டால் இன்னொரு வளையம். இரண்டுமே அதற்குச் சந்தோஷந்தான்.