மணி அடித்தால் யார் வருவார்?

கிடுகுவேலிகள் நிறைந்த ஊரிற் பிறந்தவர்க்குப் ‘பொட்டு’ என்பது யாதென விளக்க வேண்டியதில்லை. இரு வளவுகளுக்கிடையே, வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையத்தக்க இடைவெளி அது. அடுப்புத் தணலும் கறிச் சட்டியும் ஊர்ப் புதினமும் அதன் வழியே போய் வந்தன. ஒரு வீட்டிற் கூக்குரல் எழுந்தால், மறுவீட்டார் தெருவைச் சுற்றாது அதன் வழியேதான் ஓடி வருவர்.

எமது வளவின் பொட்டை அடைத்தவர் நாமே. பத்தாண்டுகளுக்கு முன் வேலியைப் பிடுங்கி மதில் எழுப்ப முனைந்தபோது, ஒரு முழ நிலத்தின் பொருட்டு அயல்வீட்டு மாஸ்டருடன் வாக்குவாதம் மூண்டது. மதில் எழுந்தது, பேச்சு நின்றது.

இன்று அவ்வீட்டில் எண்பத்திரண்டு வயதான எம் அன்னையார் தனித்திருக்கிறார். நாம் உத்தியோகத்தின் பொருட்டுக் கொழும்பில் வாழ்கிறோம், தம்பியார் கனடாவில். ஊரில் இரு வீடுகளிற் களவு போன செய்தி கேட்டதும், தம்பியார் ஒரு காவற் கம்பனியுடன் பேசி, கதவுக்கு எச்சரிக்கை மணியும் வீட்டுக்குக் கமராவும் பூட்ட ஒழுங்கு செய்துவிட்டார். கம்பனியார் அனுப்பிய படிவத்தை நிரப்பும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது. பெயர், விலாசம் யாவும் எழுதினோம். ‘அவசர வேளையில் உடனே வரக்கூடிய அயலவர்’ என்ற இடத்திற் பேனை நின்றுவிட்டது.

அந்த வெற்றிடம் உறுத்தியதனாலேயே, இத்தகைய கம்பனிகள் எவ்வாறு தோன்றின என்பதைத் தேடிப் படிக்கலானோம்.

ஐக்கிய அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853 இல், மின்சாரத்தால் இயங்கும் கள்வர் எச்சரிக்கை மணிக்குப் புத்தாக்க உரிமை பெற்றார். கதவோ யன்னலோ திறந்தால் மின்சுற்று இணையும். காந்தம் வலுப்பெற்று மணியை அடிக்கும். அவ்வுரிமையைப் பின்னர் விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார். 1877 இல் பொஸ்ரன் நகரில் அவருடைய கம்பிகளே பகலில் தொலைபேசிக்கும் இரவிற் காவலுக்கும் பயன்பட்டன.

எனினும் எம் உள்ளத்தைத் தொட்டது ஏ.டி.ரி. எனும் மற்றொரு கம்பனியின் தோற்றமே. எலிஷா அன்றூஸ் என்ற தந்திக் கம்பனித் தலைவர் ஓரிரவு விழித்தெழுந்து தம் வீட்டிலே கள்வனைக் கண்டாராம். பங்குச் சந்தை விலைகளை அச்சிடும் தந்திப் பொறியை 1867 இல் அமைத்த எட்வர்ட் கலஹான் அவருடன் தொழில் புரிந்தவர். அவர் செய்தது என்ன? அயலிலுள்ள ஐம்பது வீடுகளைக் கம்பியால் இணைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனிக்குறி வகுத்தார் என அக்கம்பனியின் வரலாறு கூறும். எவ்வீட்டிலிருந்து அழைப்பு வந்ததென அக்குறியால் அறியலாம். எமது பொட்டையே அவர் கம்பியாக நீட்டினார் என்று எமக்குத் தோன்றிற்று.

1874 இல் இத்தகைய 57 வட்டாரத் தந்திக் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து ஏ.டி.ரி. உருவாயிற்று. அதன்பின் அது கைமாறிய கதை நீண்டது. 1901 இல் வெஸ்ரேண் யூனியன் என்ற பெருந்தந்திக் கம்பனியின் வசமாயிற்று. பின்னர் கிரினெல் கம்பனியின் கைக்குச் சென்றது. தலைமை நிலையத்துடன் இணைத்து நடாத்தப்படும் காவற்றொழிலில் நூற்றுக்கு 87 பங்கு கிரினெலிடமும் அதன் துணைக் கம்பனிகளிடமும் குவிந்திருந்தது தவறென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1966 இற் தீர்த்தது. 1997 இல் டைகோ அதனை வாங்கிற்று. 2012 இற் பிரித்துவிட்டது. 2016 இல் அப்பலோ என்ற முதலீட்டுக் கம்பனி ஏறத்தாழ 690 கோடி டொலருக்கு வாங்கிற்று. ஐம்பது வீட்டாரின் ஒப்பந்தமாகத் தொடங்கியது இவ்வாறு பங்குச் சந்தைச் சரக்காயிற்று. 2021 இல், அதன் முன்னாள் ஊழியர் ஒருவர், வாடிக்கையாளரின் வீட்டுக் கமராக்கள் வழியே மறைவாகப் பார்த்து வந்ததை டெக்சாஸ் மாநில நகரொன்றின் நீதிமன்றில் ஒப்புக்கொண்டார்.

இவற்றையெல்லாம் அன்னையாருக்குத் தொலைபேசியில் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு அவர் வினவினார்: “அது சரி ராசா, மணி அடிச்சால் ஆர் ஓடி வாறது?”

விடை கூற நாவெழவில்லை. கொழும்பிலிருந்து நாம் ஓடுவதற்குள் விடிந்துவிடும். கனடாத் தம்பியார் கமராவிற் பார்க்கலாம், வர இயலாது.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குச் சென்று, பத்தாண்டுகளாக மிதியாத படலையைத் திறந்தோம். மாஸ்டர் சாய்மனைக் கதிரையிற் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தை நீட்டி, “மாஸ்டர், இதிலே உங்கள் பெயரை எழுதலாமோ?” என்று கேட்டபோது எமது குரல் எமக்கே அந்நியமாயிருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் படிவத்தை வாசித்தார், ஒன்றும் பேசவில்லை. உள்ளிருந்து அவர் மனைவியார்தாம் பேசினார்.

“இதுக்கு ஏன் தம்பி கடுதாசி? உங்கட அம்மாவின்ரை லைற் நூந்தாப் பிறகுதானே நாங்கள் படுக்கிறனாங்கள்!”

பத்தாண்டுகளாக எம் மதிலுக்கு மேலாக ஒரு காவல் நடந்திருக்கிறது. அதற்கு நாம் ஒரு சதமும் செலுத்தியதில்லை, ஒரு நன்றியும் கூறியதில்லை.

மணியைப் பூட்டுவித்தோம், அதன் பயனை நாம் மறுக்கவில்லை. கமரா முற்றத்தோடு நின்றுவிட்டது. வெற்றிடத்தில் மாஸ்டர் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தம் கையாலேயே எழுதினார். மறுநாள் மேசனை அழைத்து, மதிலின் நடுவே ஒரு சிறு படலை வைக்கச் சொன்னோம். எங்கே இடிப்பதென்று அவன் கேட்டான். பழைய பொட்டு இருந்த இடத்தை அன்னையாரே பொல்லால் தட்டிக் காட்டினார்.