ஒரு பாலம், இரண்டு அம்மா

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை மாறியது இந்தியாவில் செய்தியாக வந்ததோ என்னவோ. 2014 முதல் இங்கே அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து அதைச் சனி, ஞாயிறு ஆக்கிவிட்டார்கள். வெள்ளித் தொழுகை என்னாகும், வியாபாரம் என்னாகும், சாலை நெரிசல் என்னாகும் என்று ஊரே பேசியது. எங்கள் ஸ்கூடாய் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் அதற்கு வேறு கணக்கு இருந்தது.

அந்த வீட்டு அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தம்பி கடல்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை, அங்கேயே குடும்பம். கடைசித் தங்கை மெல்பர்னில். எண்பதைத் தொடப்போகும் அம்மா அக்காவோடு இருக்கிறார். முன்பு அக்காவுக்கு ஞாயிறு பள்ளி, தம்பிக்கு வெள்ளி வேலை. இருவருக்கும் பொதுவாக வாய்த்தது சனிக்கிழமை ஒன்றுதான். 1924-இல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும், வார இறுதியில் அதைக் கடப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். தம்பி மதியச் சாப்பாட்டுக்கு வந்து, இருட்டுமுன் கிளம்பிவிடுவார்.

சனி மதியத்து அம்மா அருமையான அம்மா. தலை சீவி, பொட்டு வைத்து, "பசியாறிட்டியாப்பா?" என்று கேட்பார். பேரப்பிள்ளைகள் பேர் வராவிட்டால் "ராசா" என்று சமாளித்துவிடுவார். மறதி நோய் வந்தவர்கள் விருந்தாளி முன்னால் கொஞ்ச நேரம் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த சங்கதி. தம்பிக்கு அது தெரியாது. "நல்லாத்தானே பேசுறாங்க, நீதாங்க்கா பெருசு பண்றே" என்பார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் வேறொரு அம்மா வந்துவிடுவார். பொழுது சாயச் சாய, "வீட்டுக்குப் போகணும்" ஆரம்பிக்கும். வீடு என்றால் குலாய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயன் வீடு. அம்மா அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் பாலெடுக்க மரம் சீவியவர். 2006-இல் இஸ்கந்தர் மலேசியா என்ற வளர்ச்சித் திட்டம் வந்ததிலிருந்து தெற்கு ஜொகூரில் தோட்டமாக இருந்த இடமெல்லாம் வீடமைப்புப் பகுதியாகிக்கொண்டிருக்கிறது. அம்மா கேட்கும் வீட்டுக்கு எந்தக் காரில் ஏற்றியும் கூட்டிப்போக முடியாது. நோய் முதலில் கைவைப்பது புதிய நினைவுகளைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதியில். இன்று காலை சாப்பிட்டது போய்விடும், நாற்பது வருஷத்துக்கு முந்தைய பெரட்டு மணி, விடியலில் ஆள்கணக்கு எடுக்கத் தோட்டத்தில் அடித்தது, காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

தம்பி பணத்தில் குறை வைத்தவரில்லை. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிற ஊரில் அவர் அனுப்புவது பெரிய தொகைதான். அதில் ஓர் இந்தோனேசியப் பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். அம்மாவுக்கோ பாதியில் கற்ற மலாய் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. அந்தப் பெண் கையைப் பிடித்தால் அம்மா அலறுவார். அவள் சில மாதத்தில் ஊருக்கே போய்விட்டாள். பிறகு ஒருநாள் அம்மா தம்பியின் காதில், "உங்க அக்கா என் சங்கிலிய எடுத்துட்டா" என்று சொன்னார். இந்த நோயில் திருட்டுப் பழி சாதாரணம், அதிலும் கூடவே இருந்து குளிப்பாட்டி விடுகிறவர் தலையில்தான் பெரும்பாலும் விழும். தம்பி நம்பவில்லை. ஆனால் நம்பவில்லை என்று அக்காவிடம் சொல்லவுமில்லை. மெல்பர்னிலிருந்து தங்கை, "என்ன சங்கிலி?" என்று வாட்ஸாப்பில் கேட்டாள். மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

தம்பியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி பாலம் மூடியது. எல்லாரும் பழையபடி போய்வர 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அம்மா சரிந்ததெல்லாம் அந்த இடைவெளியில். அடுப்பை அணைக்க மறந்தது, தெருவில் வழி தவறியது, கண்ணாடியில் தெரிந்த கிழவியைத் திட்டியது எல்லாம் அக்கா கண்ட காட்சிகள். தம்பி கண்டது கைபேசித் திரையில் ஐந்து நிமிடம் சிரித்த முகம். அவர் பழைய அம்மாவை அப்படியே மனதில் வைத்திருந்தார். டாக்டர், தம்போயிலுள்ள பெர்மாய் மனநல மருத்துவமனையில் காட்டச் சொன்னபோது, "எங்க அம்மா என்ன பைத்தியமா?" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. மலேசியாவில் 2018-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி அறுபது வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய்க்கான அறிகுறி இருக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். இத்தனை வீடுகளில் நடப்பதை மூடிமறைத்து யாருக்கு என்ன லாபம்?

பணத்தை விடப் பெரிய சிக்கல் காகிதத்தில் வந்தது. அம்மா பேரில் குலாயில் ஒரு சின்ன வீடு. அதை விற்றால் பராமரிப்புச் செலவு சில வருஷம் ஓடும். அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கலாம் என்று வக்கீலிடம் போனார்கள். அவர் அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். எதில் கையெழுத்திடுகிறோம் என்று புரியாதவரிடம் வாங்கும் கையெழுத்து செல்லாது. முன்பே எழுதி வாங்கியிருந்தாலும், எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்ததும் சாதாரண அதிகாரப் பத்திரம் மலேசியச் சட்டத்தில் காலாவதி. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமிக்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி. பாலத்துக்கு அந்தப் பக்கம் கதை வேறு. சிங்கப்பூரில் 2010 முதல், புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்து, அது தவறிய பிறகு நடைமுறைக்கு வரும் நீடித்த அதிகாரப் பத்திரம் உண்டு. தம்பி தனக்கு அதை எழுதியே வைத்திருந்தார்! இந்தியாவும் மலேசியா மாதிரிதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201-ஐ வக்கீல் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அம்மா தெளிவாக இருக்கும்போது இந்தப் பேச்சை எடுத்தால் "சொத்துக்கு அலையுறான்" என்பார்கள். தெளிவு போனபின் எடுத்தால் நீதிமன்றம். என்னைக் கேட்டால், ஏச்சு வாங்குவதே மலிவு.

விடுமுறை மாறி அக்காவுக்கும் ஞாயிறு ஓய்வான பிறகுதான் தம்பி முதல்முறையாக ஒரு சனி இரவு அங்கே தங்கினார். அவரே மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் தேநீர் குடித்தபடி என்னிடம் சொன்னது இது. விடியற்காலை நாலு மணிக்கு இரும்புக் கதவு குலுங்கும் சத்தம். எழுந்து பார்த்தால் அம்மா தலையில் துணி கட்டி, குளியலறை வாளியைக் கையில் மாட்டிக்கொண்டு பூட்டை உலுக்குகிறார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி பேர் வெட்டிருவாரு." தம்பி பதறி, "தோட்டமே இல்லம்மா, வித்துட்டாங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அம்மா அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல ஓவென்று அழுதாராம். அக்கா அறையிலிருந்து வந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார். "மழைம்மா. மரமெல்லாம் நனைஞ்சு கிடக்கு, இன்னைக்குப் பெரட்டு இல்ல." மரப்பட்டை நனைந்தால் பால், மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணத்தில் இறங்காமல் வழிந்து வீணாகும். அதனால் மழை நாளில் சீவ மாட்டார்கள். அம்மாவுக்கு அது புரிந்தது. "அப்ப இன்னைக்குச் சம்பளம் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார். வெளியே ஒரு பொட்டு மழை இல்லை.

"தினமும் இப்படியாக்கா?" என்று கேட்டாராம் தம்பி. அக்கா பதில் சொல்லாமல் தூங்கப் போய்விட்டார்.

சங்கிலிப் பேச்சு அதன்பின் எழவில்லை. சண்டை ஓய்ந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். சனி இரவு போதாது, வெள்ளி இரவே வா என்கிறார் அக்கா. வெள்ளி மாலைப் பாலத்தை நினைத்துத் தம்பி தலையைச் சொறிகிறார். நீதிமன்றச் செலவை மூன்றாகப் பிரிப்பதா, அக்காவை விட்டுவிட்டு இரண்டாகப் பிரிப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. தங்கை டிசம்பரில் வந்து ஒரு மாதம் அம்மாவோடு இருக்கப்போவதாக டிக்கெட் போட்டிருக்கிறாள். அதுவரைக்கும், தேங்காயெண்ணெய் குடித்தால் மறதி போய்விடும் என்று யாரோ பேசும் காணொளிகளைக் குடும்பக் குழுவில் போட்டுக்கொண்டே இருக்கிறாள்.