புது போன் வாங்கியதும் ஒரு வேலை

புது போன் வாங்கியாயிற்று. டெம்பர் கிளாஸ், பின்கவர் எல்லாம் கடையிலேயே போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் கேமராவைச் சோதித்துக் கொண்டிருக்க, நான் முதலில் *#06# அடித்துப் பார்த்தேன். திரையில் வந்த, போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை அம்மாவின் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டு சிம் போன் என்பதால் இரண்டு எண்கள்.

இன்றைக்கு வங்கிக் கணக்கு, ஓடிபி, மறைந்த அப்பாவின் குரல் எல்லாமே போனுக்குள்தான் இருக்கின்றன. தொலைந்தால் பதறத்தான் செய்யும். உடனே பழைய சிம்மை முடக்கி, அதே நம்பரில் புது சிம் வாங்கிவிட வேண்டும். போலீசில் புகார் கொடுத்து, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் பதிந்தால், திருடியவர் வேறு சிம் போட்டாலும் இந்திய நெட்வொர்க் எதிலும் அந்த போன் வேலை செய்யாது. 2023 மே முதல் நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது, கட்டணமும் இல்லை. போன் திரும்பக் கிடைத்தால் தடையை நாமே நீக்கிக்கொள்ளலாம். சாமானியருக்குக் கிடைத்த நல்ல ஏற்பாடு இது.

எண்ணை போனுக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள். பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் இன்றே பார்த்து, எழுதி வைத்துவிடுங்கள்.